17 வயதுப் பையனுக்கு எந்தக் கட்டில்? ஒரு கீமோ டே கேர் வார்டு பற்றி

தம்பிக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா, நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய். 15 நாளுக்கு ஒருமுறை என்று 12 தடவை, ஆறு மாதம் அந்த வார்டுக்குப் போய்வந்தோம். மருத்துவமனைப் பெயரைப் போடவில்லை. இந்த வயதுப் பிள்ளையைக் கீமோவுக்குக் கூட்டிப் போகிறவர்கள் என்னென்ன கேட்டு வாங்கலாம் என்று தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வைத்தியத்தில் ஒரு குறையும் இல்லை. இடம்தான் பிரச்சினை. 18 வயது வரை குழந்தைகள் பிரிவு என்பது அங்கே விதி. இவனோ ஆறடி. சுவர் முழுக்க முயலும் யானையும், பக்கத்துக் கட்டிலில் மூன்று வயதுக் குழந்தை ஊசியைப் பார்த்து வீறிட்டு அழுகிறது, இவன் நீட்டிப் படுத்தால் கணுக்கால் இரண்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கும். கடைசியில் நானே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை ஒட்டிப் போட்டு, அதன்மேல் போர்வையை மடித்து வைத்தேன். மருந்து ஏறி முடிகிற வரை கால் அதில்தான். திரையும் கிடையாது. டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து ஏறினால் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கேனை எல்லார் முன்னாலும் எடுத்துப் போகும்போது அவன் கூனிக் குறுகிப் போவான்.

ஒரு சிஸ்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மற்றவர்கள் எல்லாம் "பையன் சாப்பிட்டானா, வாந்தி இருக்கா" என்று அம்மாவிடம் கேட்பார்கள், இவர் மட்டும் அவனிடமே கேட்டார். டகார்பசின் என்ற இன்னொரு மருந்து ஏறும்போது கை நரம்பெல்லாம் தீயாய் எரியும். முதல் இரண்டு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு "ஒண்ணுமில்லக்கா" என்றே சொன்னவன், மூன்றாம் தடவை அவர் கேட்டதும்தான் வாய் திறந்தான். சொட்டின் வேகத்தைக் குறைத்து, கையில் சூடாக ஒத்தடம் வைத்தார், எரிச்சல் பாதி அடங்கிவிட்டது. முதல் நாளே யாராவது கேட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

டாக்டரும் மருந்து தொடங்கும் முன்பே எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவனோடு தனியாகப் பேசினார். பின்னால் குழந்தை பெற்றுக்கொள்ள விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றியெல்லாம் அம்மா பக்கத்தில் இருந்தால் எந்தப் பையன் பேசுவான்? அப்புறம், பாதித் தடவைகள் தாண்டியபின் ஸ்பிரிட் வாடை பட்டாலே குமட்ட ஆரம்பித்தது. அதைச் சொன்னதும் முந்தின இரவே போட மாத்திரை தந்தார்.

ஐந்துக்கு மூன்று. கட்டிலையும் திரையையும் பற்றி நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தோம். 12ஆவது தடவை போனபோது திரை வந்திருந்தது. கட்டில் அதேதான், ஸ்டூலை நான் மறுபடி இழுத்துப் போட்டேன்.