லோகி: நெருப்பா, முடிவா, முடிச்சா?

நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) புராணத்துக் குறும்புத் தெய்வம் லோகியின் பெயருக்கு மூன்று வேர்கள் போட்டியிடுகின்றன. தமிழில் எழுதும்போதே சிக்கல் தொடங்கிவிடுகிறது. பழைய நார்ஸில் தீச்சுடருக்குப் பெயர் லொகி. அதன் ககரம் நம் ‘அகம்’ போல மெலிந்து ஒலிக்கும். தெய்வத்தின் பெயரில் வருவதோ ‘பக்கம்’ போன்ற வல்லொலி. மூலத்தில் அது ஒற்றை மெய்தான். பிரித்துக் காட்ட இங்கே ‘லொக்கி’ என்று வைத்துக்கொள்வோம்.

நெருப்பு: ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய விளக்கம். வாக்னரின் இசைநாடகத்தில் இத்தெய்வம் ‘லோகெ’ என்ற தீயாகவே வருவது அதன் விளைவு. குழந்தைப் பெயர்ப் பட்டியல்களிலும் இன்னும் இந்தப் பொருள்தான். ஆனால் அம்மொழியில் அந்த இரண்டு மெய்களும் ஒன்றுக்கொன்று மாறி நிற்பதில்லை. கதையும் எதிர்சாட்சி சொல்கிறது. ஐஸ்லாந்து அறிஞர் ஸ்னோரி 1220 வாக்கில் எழுதிய ‘எட்டா’ என்ற புராணத் தொகுப்பில் லொக்கிக்கும் லொகிக்கும் சாப்பாட்டுப் போட்டி நடக்கிறது. லொக்கி இறைச்சியை மட்டும் தின்கிறான். லொகியோ எலும்பையும் தொட்டியையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறான். ஒலியொப்புமையை வைத்து ஸ்னோரி விளையாடுகிறார், அவ்வளவுதான்.

முடிவு: பழைய நார்ஸில் ‘லூக்கா’ என்றால் மூடு, முடித்துவை. ஒலி கச்சிதமாகப் பொருந்துகிறது. உலக அழிவுப் போரில் லொக்கி எதிரணியில் நிற்பதும் துணை. மற்றக் கதைகளில்தான் இடிக்கிறது: அவன் எதையும் மூடுபவனல்ல, சிக்கலை இழுத்துவிட்டுப் பிறகு அவிழ்ப்பவன்.

முடிச்சு: ஒலியும் கதையும் சேர்ந்தே பொருந்துவது இங்கேதான். ஐஸ்லாந்து மொழியில் நூலில் விழும் சிக்குக்கே ‘லொக்கி’ என்று பெயருண்டு. ஸ்வீடிஷ் வட்டார வழக்கில் சிலந்தி வலையை ‘லொக்கநேட்’ என்பார்கள். நார்வே ஆய்வாளர் எல்டார் ஹைட 2011இல் இவற்றைத் தொகுத்து வாதிட்டார். பலவீனமும் உண்டு: இந்த வழக்குகள் ஏட்டில் ஏறியது புராணம் எழுதப்பட்டுப் பல நூற்றாண்டு கழித்து; ஆக, தெய்வத்தின் பெயரே நூல் சிக்குக்குப் போயிருக்கலாம். (தமிழில் ‘முடி’ என்ற ஒரே சொல் கட்டுவதற்கும் தீர்வதற்கும் நிற்பதால், இரண்டாவதும் மூன்றாவதும் நமக்கு ஒன்றுபோலத் தோன்றும். குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஆனாலும் எங்கள் தேர்வு முடிச்சுதான். தலைமறைவாக இருந்தபோது ஆளிநார் நூலில் கண்ணி போட்டு முதல் மீன்வலையைப் பின்னியவன் லொக்கி. தேவர்கள் நெருங்கியதும் அதைத் தீயில் எறிந்துவிட்டு, சால்மன் மீனாகி அருவியில் ஒளிந்தான். வலை எரிந்தது, சாம்பலில் அதன் கண்ணிகள் அப்படியே பதிந்திருந்தன. தேவர்களில் பேரறிவாளனான க்வாசிர் அதைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ள, தேவர்கள் அதே மாதிரியில் வலை பின்னி அவனைத் துரத்தினார்கள்.