உப்புத் தண்ணீரும் கருநீலக் காரும்: சில ஆண்டுப் பராமரிப்பு அனுபவம்

சென்னை துரைப்பாக்கத்தில் கார் கழுவுவதைப் பற்றி எழுத வேண்டுமென்றால் ஷாம்பு, பாலிஷ் எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீரைப் பற்றித்தான் எழுத வேண்டும். என்னுடையது 2017 மாடல் ஹாட்ச்பேக், கருநீல நிறம், திறந்தவெளியில்தான் நிற்கிறது. எங்கள் குடியிருப்பின் போர் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை, அதாவது நீரில் கரைந்துள்ள உப்புகளை அளக்கும் கருவியை வைத்தால் லிட்டருக்கு 1,500 மில்லிகிராமைத் தாண்டுகிறது. குடிநீரில் 500-க்குள் இருப்பதே விரும்பத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்தத் தண்ணீரைக் கருநீல பானட்டின் மேல் ஊற்றி, துடைக்காமல் ஐந்து நிமிடம் வெயிலில் விட்டால் போதும். ஒவ்வொரு துளியும் காய்ந்து ஓரம் வெளுத்த வட்டமாக நிற்கும். கால்சியம், மெக்னீசியம் உப்புகள். அன்றைக்கே துடைத்தால் போய்விடும். இரண்டு நாள் விட்டால் வினிகரைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்து, உடனே கழுவிவிட வேண்டும். மே மாத வெயிலில் வாரக்கணக்கில் கிடந்தால் பெயின்ட்டின் மேலுள்ள கிளியர் கோட்டையே அரித்துவிடும். பிறகு பாலிஷ் போட்டுத் தேய்ப்பதைத் தவிர வழியில்லை. அந்தக் கிளியர் கோட்டோ பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெல்லியது. ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது.

இதற்கு எனக்குக் கிடைத்த தீர்வு காசில்லாதது: வீட்டு ஏ.சி. தண்ணீர். ஸ்ப்ளிட் ஏ.சி.யின் வெளிக்குழாயை ஒரு கேனுக்குள் விட்டுவைத்தால், சென்னையின் ஈரக்காற்றுக்கு இரவு முழுவதும் ஓடியதில் ஒரு வாளி அளவு சேர்ந்துவிடுகிறது. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து நீரானது என்பதால் அதில் உப்பு மிகக் குறைவு. என் மீட்டரில் 50-க்குக் கீழேதான் காட்டுகிறது. போர் தண்ணீரில் கழுவி முடித்து, கடைசியாக இந்தத் தண்ணீரைச் செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரில் ஊற்றி அலசிவிடுகிறேன். துடைப்பதில் கொஞ்சம் விட்டுப்போனாலும் வட்டம் விழுவதில்லை.

இதற்கு நேர் எதிரான பழக்கமும் எங்கள் குடியிருப்பில் உண்டு. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்கக் கூடாது என்று காருக்கு ஊற்றுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்த நீரில்தான் சேர்ந்திருக்கிறது. வராண்டா கழுவட்டும், கழிப்பறைக்கு ஊற்றட்டும், காருக்கு வேண்டாம்.

கழுவும் முறையில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. வெயில் ஏறுமுன் கழுவ வேண்டும், பானட் கைக்குச் சுடக் கூடாது. இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலசுவதற்கான தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே வருவது. சக்கரங்களுக்குத் தனித் துணி. பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெயை மட்டுமல்ல, போட்ட மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும் என்பதால் 3எம் கார் ஷாம்புவையே பயன்படுத்துகிறேன். உலர்த்துவதற்குப் பெரிய மைக்ரோஃபைபர் துண்டு. அதை விரித்துப் போட்டு மெதுவாக இழுத்தாலே தண்ணீரைக் குடித்துவிடும், அழுத்தித் தேய்க்கத் தேவையில்லை. அந்தத் துண்டைத் துவைக்கும்போது கம்ஃபர்ட் போன்ற மென்மையாக்கிகளைச் சேர்க்கக் கூடாது. இழைகள் அடைபட்டு, ஈரத்தை உறிஞ்சாமல் போகும்.

விடியற்காலையில் வந்து எல்லாக் கார்களையும் துடைத்துவிட்டுப் போகும் அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரே வாளி, ஒரே துணி, வரிசையாக இருபது கார். மூன்றாவது காருக்கு வரும்போதே அந்தத் துணியில் மணல் இருக்கும். இரவில் பெட்ரோல் பங்க் விளக்கின் கீழ் கருநீலக் காரை நிறுத்திப் பார்த்தால் அதன் விளைவு தெரியும்: விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள். அவர்மீது குறை இல்லை, மாதம் சில நூறு ரூபாய்க்கு அதற்கு மேல் யாரால் செய்ய முடியும்? அதே சம்பளம், ஆனால் தினமும் வேண்டாம், வாரம் இருமுறை மட்டும், என் துணியில், நிறையத் தண்ணீர் விட்டு என்று பேசிக்கொண்டோம். துடைக்காமல் இருப்பதற்குப் பணமா என்று முதலில் சிரித்தார். தூசி சும்மா படிந்திருப்பதால் பெயின்ட்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை, உலர்ந்த தூசியை இழுத்துத் தேய்ப்பதுதான் கெடுதல். துணி உறை போட்டு மூடுவதும் அப்படித்தான்; தூசியின் மேல் உறை காற்றில் அசைந்துகொண்டே இருந்தால் அதுவும் தேய்ப்புதான்.

காக்கை எச்சத்தைச் சுரண்டவே கூடாது. ஈரத் துணியை ஐந்து நிமிடம் அதன் மேல் போட்டு, ஊறியதும் அப்படியே தூக்கிவிட வேண்டும். அன்றைக்கே.

பெயின்ட்டின் மேல் பாதுகாப்புப் படலமாகப் பூசும் செராமிக் கோட்டிங் போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், நிழலில் நிறுத்த இடமும் நல்ல தண்ணீரும் இருந்தால் போடுங்கள் என்பதே. பக்கத்து வீட்டுக்காரர் 25,000 ரூபாய்க்குப் போட்டார். தண்ணீர் முத்து முத்தாக உருளும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் உருளாமல் நின்றுவிட்ட முத்துகள் எங்கள் போர் தண்ணீரில் காய்ந்தால் அவர் காரிலும் அதே வெள்ளை வட்டம்தான். கல்லடிக்கும் அது கவசமில்லை. கார்னாபா மெழுகு எனக்குக் கோடையில் ஒன்றரை மாதம் தாங்குகிறது. மெழுகுக்குப் பதிலாகத் தெளித்துத் துடைக்கும் ஸ்பிரே சீலன்ட் மூன்று மாதம் தாங்குகிறது, போடுவதும் எளிது. இப்போது சீலன்ட் மட்டும்தான்.

உள்பக்கத்துக்கு வருவோம். 7டி மேட் என்று ஒன்று விற்கிறார்கள், தரை முழுவதையும் மூடும் தோல் போன்ற விரிப்பு. பார்க்கப் பணக்காரத்தனமாக இருக்கும். அந்த விரிப்பு போட்ட ஒரு காரில் நவம்பர் மழைக்குப் பிறகு அதைத் தூக்கிப் பார்த்தோம். அடியிலுள்ள கார்பெட் சொதசொதவென்று ஈரம். விரிப்பின் முதுகில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை. மேலே விழுந்த தண்ணீர் ஓரங்கள் வழியே உள்ளே இறங்கி, வெளியேற வழியில்லாமல் தங்கிவிடுகிறது. என் காரில் எடுத்து உதறக்கூடிய ரப்பர் மேட்தான்.

முன் இருக்கையின் காலடியில் காரணமில்லாமல் ஈரம் தெரிந்தால் ஏ.சி. வடிகுழாயைப் பாருங்கள். ஏ.சி. ஓடும்போது காருக்கு அடியில் தண்ணீர் சொட்டவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கலாம். காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை நானே மாற்றுகிறேன், பத்து நிமிட வேலை. கடைசியாக எடுத்ததில் வேப்பிலைத் துணுக்குகள், ஒரு புறா இறகு, மடிப்புகளுக்கிடையே விரலில் ஒட்டும் கரி. வீடு வருவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் ஏ.சி.யை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓடவிட்டால் உள்ளே ஈரம் காய்ந்து, புளித்த வாடை வருவது குறைகிறது. வாசனைப் புட்டிகள் வாடையின் மேல் இன்னொரு வாடையைப் பூசுகின்றன, அவ்வளவுதான்.

டேஷ்போர்டை மினுமினுக்க வைக்கும் சிலிகான் பாலிஷ் எனக்கு ஆகாது. மதிய வெயிலில் அந்த மினுமினுப்பு முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசுகிறது, தூசியும் ஒட்டுகிறது. பிழிந்த ஈரத் துணி போதும். வெளிர் நிற சீட் கவரில் சாம்பார் கொட்டினால் சோப்பு நுரையால் எண்ணெயை எடுத்துவிட்டு வெயில்படும்படி விடுங்கள். மஞ்சள் கறையை வெயில் சில நாட்களில் வெளுக்கச் செய்துவிடும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் கதவுகளின் அடிவிளிம்பிலுள்ள வடிகால் துளைகளை பிளாஸ்டிக் குச்சியால் குத்திவிடுகிறேன், வைப்பர் ரப்பரை மாற்றுகிறேன். மாமல்லபுரம் பக்கம் கடலோரமாகப் போய்வந்தால் அடிப்பாகத்துக்கும் தண்ணீர் அடிப்பது உண்டு. துரு இதுவரை இல்லை.

முகப்பு விளக்குகள்தான் கைக்கு அடங்கவில்லை. வெயிலில் அவற்றின் மூடியான பாலிகார்பனேட் பிளாஸ்டிக் மஞ்சளடிக்கிறது. தேய்த்துப் பாலிஷ் செய்தால் தெளிவு வருகிறது, ஆனால் வெயிலைத் தடுக்கும் மேற்பூச்சு அதோடு போய்விடுவதால் ஆறேழு மாதத்தில் பழைய மஞ்சள். பற்பசை வைத்தியமும் இதே கதைதான். அடுத்த முறை தேய்க்கச் சொல்லாமல், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்டிப் பார்க்கப் போகிறேன்.