61 நாள் கடலுக்குப் போகாதவருக்கு எந்த வங்கி?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மொத்தம் 61 நாள். பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் எங்கும் படகுகள் வரிசையாக நிற்கும். பங்குக்கு, அதாவது அடுத்தவர் படகில் பிடிபாட்டில் ஒரு பங்கைக் கூலியாகப் பெறப் போகிறவர்கள் வீட்டில் வரவு நின்றுவிடும், செலவு நிற்காது. பள்ளிக்கூடம் திறப்பதும் அந்த ஜூனில்தான். அரசின் தடைக்கால நிவாரணம் அரிசி பருப்பு வாங்குவதோடு தீர்ந்துவிடும். அதனால் எங்கள் கரையில் வங்கிகளை ஒப்பிடும்போது, சேமிப்புக்கு எவ்வளவு வட்டி என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. பாடு (மீன்பிடி வரவு) இல்லாத மாதத்தில் இந்த வங்கி நம்மிடம் எப்படி நடந்துகொள்ளும் என்பதே முதல் கேள்வி.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். அண்ணன் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். மதினி கடல்பாசி எடுக்கப் போவார். மாமாவுக்குச் சொந்தமாக ஒரு வத்தை (சிறு நாட்டுப்படகு) இருக்கிறது. மூன்று பேருக்கும் ஒரே வங்கி பொருந்தவில்லை.

முதலில் பொதுத்துறை வங்கிகள். 1969 ஜூலை 19-இல் 14 தனியார் வங்கிகள் நாட்டுடைமையாயின. அவற்றில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் ஒன்று. அதை 1937-இல் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் தொடங்கினார். கடல் தாண்டிப் போன நம் மக்களின் பணத்தை நம்பித் தொடங்கிய வங்கி. பெரிய வணிக வங்கிகள் தங்கள் கடனில் 40 சதவீதத்தை விவசாயம், சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குத் தர வேண்டும் என்பது விதி. மீன்பிடியும் அதில் சேர்ந்ததுதான்.

உழவர் கடன் அட்டையை மீனவருக்கும் கொடுக்கலாம் என்று 2018-19-இல் விரிவாக்கினார்கள். 2 லட்சம் வரை வட்டி 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான். 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் வரை சொத்து அடமானமும் கேட்கக்கூடாது. இவ்வளவு இருந்தும் மாமா ஒரு கிளைக்குப் போனபோது, "நிலப் பட்டா கொண்டு வாங்க" என்றார்கள். கடலுக்கு ஏது பட்டா? மூன்று முறை அலைந்துவிட்டு, மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரிடம் மனு கொடுத்த பிறகுதான் வேலை நடந்தது. பொதுத்துறை வங்கியில் பாதுகாப்பு உண்டு, திட்டம் எல்லாமும் உண்டு. ஆனால் அதிகாரி இரண்டு மூன்று வருஷத்தில் மாறிவிடுவார். வத்தை என்றால் என்ன, கச்சான் காற்றடித்தால் ஏன் தவணை தள்ளிப்போகிறது என்பதையெல்லாம் வருகிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த அட்டை படகைச் சொந்தமாகவோ குத்தகைக்கோ வைத்திருப்பவருக்குத்தான். பங்குக்குப் போகும் அண்ணனுக்கு அது எட்டாது. அவருக்கு இருக்கிற ஒரே வழி மதினியின் நகை.

அங்கேதான் கூட்டுறவு வருகிறது. ஊரில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், அதற்கு மேல் மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி, அதற்கும் மேல் சென்னையில் மாநிலத் தலைமை வங்கி என்று மூன்று அடுக்கு. சொசைட்டியில் இருப்பவர்கள் நம் ஊர்க்காரர்கள். காலையில் நகையோடு போனால் மதியத்துக்குள் பணத்தோடு வரலாம். சாயல்குடிப் பக்கம் குண்டு மிளகாய் போடுகிற உறவினர்களுக்குப் பயிர்க்கடனும் அங்கேதான். கெடு தவறாமல் கட்டினால் வட்டியே இல்லை. இதற்கு ஈடாக எந்த வணிக வங்கியும் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் பலர் கவனிக்காத ஒரு வேறுபாடு இருக்கிறது. நாம் 'சொசைட்டி பேங்க்' என்கிறோமே, சட்டப்படி அந்தச் சங்கம் வங்கியே அல்ல. 1960-இல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்து, போட்டவர்கள் தவித்த பிறகு 1962-இல் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. இப்போது ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை அந்தக் காப்பீடு உண்டு. மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிக்கும் உண்டு. ஊர்ச் சங்கத்தில் போட்ட பணத்துக்குக் கிடையாது. ஆகவே அண்ணனுக்கு நான் சொன்னது இதுதான்: நகையை வைக்கச் சங்கத்துக்குப் போங்க, மகள் கல்யாணத்துக்குச் சேர்க்கிற பணத்தை மட்டும் அங்கே போடாதீங்க.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது கிராம வங்கி. 2019-இல் பாண்டியன், பல்லவன் இரண்டையும் இணைத்துத் தமிழ்நாடு கிராம வங்கி ஆக்கினார்கள். இந்த வகை வங்கிகளில் மத்திய அரசுக்கு 50, மாநில அரசுக்கு 15, அதற்குப் பின்னால் நிற்கும் ஆதரவு வங்கிக்கு 35 சதவீதம் பங்கு. முன்னுரிமைக் கடன் இங்கே 75 சதவீதம், அதாவது நம்மைப் போன்றவர்களுக்குக் கொடுப்பதே இதன் பிழைப்பு. காப்பீடும் உண்டு, அதிகாரியும் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காரர். பக்கத்தில் கிளை இருந்தால் என் ஓட்டு இதற்கே.

சிறு நிதி வங்கிகளில் சேமிப்புக்கு வட்டி கூடுதல். அதே வங்கி குழுக் கடனுக்கு 20 சதவீதத்துக்கு மேல் வாங்குவதும் சாதாரணம். ஒரு லட்சத்துக்கு வருஷ வட்டி 4 சதவீதத்தில் 4,000, 24 சதவீதத்தில் 24,000. அதைவிட உறுத்துவது தவணை முறை. மீனவர் அட்டைக் கடன் நம் வருமானத்தின் போக்குக்கு ஓரளவு வளைந்து கொடுக்கும். குழுத் தவணை மே மாதத்திலும் குறித்த நாளில் வாசலுக்கு வந்து நிற்கும். மதினி போன வருஷம் அதைக் கட்டுவதற்காக ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கினார். அதற்கு வட்டி இல்லை. பதிலாக அந்த வருஷப் பாசி முழுவதும் அவர் சொன்ன விலைக்குப் போனது. அந்த வட்டியை யார் கணக்குப் போட்டார்கள்?

தனியார் வங்கி பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. கீழக்கரை, தொண்டிப் பக்கம் வளைகுடாவிலிருந்து பணம் வருகிற வீடுகளுக்கு அதன் வேகம் உதவும். அப்புறம் அஞ்சல் துறையின் பேமெண்ட்ஸ் வங்கி: 2 லட்சம் வரை வைக்கலாம், கடன் தராது. தபால்காரர் வீட்டுக்கே வந்து பணம் கொடுப்பது வயதானவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் வலை இழுத்தும் பாறையில் பாசி பறித்தும் தேய்ந்த விரல்களைக் கருவி பல நேரம் ஏற்பதில்லை. கண் கருவிழியோ கைப்பேசிக் கடவு எண்ணோ வைத்து எடுக்க முடியுமா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் சேமிப்பு கிராம வங்கியில், நகை சங்கத்தில், மாமாவின் அட்டை பொதுத்துறை வங்கியில். அட்டைக்குப் போகிறவர்கள் படகுப் பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், ஆதார், பாஸ்புக் நான்கையும் எடுத்துக்கொண்டு பிப்ரவரியிலேயே போய்விடுங்கள். ஏப்ரல் பிறந்துவிட்டால் நிவாரணம் ஏறியதா என்று பார்க்க வருகிற கூட்டத்தில் உங்கள் விண்ணப்பத்தைப் பிரித்துப் பார்க்க ஆள் இருக்காது.