ஸ்டெம்ப்யூசெல் ஊசி: எந்தக் காலுக்குப் பொருந்தும்?

ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்ற விளம்பரங்களுக்கு நடுவே, மருந்து என்ற நிலையில் இந்திய அரசின் ஒப்புதல் வாங்கியது ஸ்டெம்ப்யூசெல். பெங்களூரு ஸ்டெம்ப்யூடிக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. 2016-இல் பர்ஜர் நோயால் (புகையிலைப் பழக்கத்தால் கை கால் ரத்தக்குழாய்கள் அழன்று அடைக்கும் நோய்) ரத்தம் வற்றிய காலுக்கும், 2020-இல் கொழுப்புப் படிந்து குழாய் அடைத்த காலுக்கும் அனுமதி கிடைத்தது. இரண்டுமே ரத்தக்குழாய் அடைப்பின் கடைசிக் கட்டம். புண் வாங்கிய எல்லாச் சர்க்கரைக் காலுக்கும் தந்த அனுமதி இல்லை இது.

உள்ளே இருப்பவை, நன்கொடையாளர் பலரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து வளர்த்து ஒன்றாகச் சேர்த்த மீசன்கைமல் என்ற வகை ஸ்டெம் செல்கள். இவை புதுத் தோலாக மாறுவதில்லை. சுரக்கும் புரதங்களால் அழற்சியைத் தணித்து, சிறு ரத்தநாளங்கள் முளைக்கத் தூண்டுகின்றன. அளவு, உடல் எடை கிலோவுக்கு 20 லட்சம் செல். 60 கிலோ ஆளுக்கு 12 கோடி. கெண்டைக்கால் தசையில் பல இடங்களில் பிரித்துப் போட்டு, புண்ணைச் சுற்றியும் குத்துவார்கள். புண்மேல் தடவுகிற களிம்பு என்று நினைத்து வருபவர்களுக்கு இது அதிர்ச்சியாகவே இருக்கும்.

செல்கள் உறைநிலையில் வருகின்றன. 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் உருக்கியதும் ஊசி போட்டாக வேண்டும். உறையவைக்கச் சேர்க்கும் டிஎம்எஸ்ஓ, அறை வெப்பத்தில் நேரம் போகப் போகச் செல்களையே கொல்லும். நோயாளி மேசைக்கு வருமுன் பையை உருக்கிவிட்டுக் காத்திருக்கும் ஆஸ்பத்திரியில் காசு வீண்தான்.

தோல்விக்கு மருந்து மட்டும் காரணம் அல்ல, தவறான ஆள் தேர்வும்தான். பாதத்தின் அடியில், ஆணி காய்த்து அதற்குள் குழி விழுந்த புண், நாடி நன்றாகத் துடிக்கிறது, தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால், அது நரம்பு மரத்துப்போன கால். அங்கே வேண்டியது அழுத்தம் குறைப்பு: முழங்கால் வரை கழற்ற முடியாத கட்டு, செத்த சதையை வெட்டி எடுத்தல். எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு புண் ஆறிய பிறகு. புண் இருக்கையில் அது மட்டும் போதாது. இந்தக் காலில் ஸ்டெம் செல் போட்டுவிட்டு வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்தால், ஆறுகிற சதை ஒவ்வொரு அடியிலும் நசுங்கும்.

கணுக்கால்–கை ரத்த அழுத்த விகிதத்தை மட்டும் பார்த்து "ரத்தம் நன்றாகப் போகிறது" என்று சொன்னால் நம்பவேண்டாம். சர்க்கரைக்காரர்கள் பலரின் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருப்பதால், அமுக்கினாலும் அமுங்காமல் 1.3-க்கு மேல் பொய்யாகக் காட்டும். கால்விரல் ரத்த அழுத்தம் 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால்தான் ஆபத்து தெளிவாகும். ஆஞ்சியோவில் திறக்கக்கூடிய அடைப்பு தெரிந்தால் முதலில் பலூன் அல்லது பைபாஸ். அதற்கும் வழியில்லாமல், படுத்திருந்தாலே கால் வலித்து, இரவில் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் தூக்கம் வரும் என்ற நிலையில் இருப்பவருக்கு இந்த ஊசியை யோசிக்கலாம். சீழ் வடிந்தாலோ, புண்ணுக்குள் கம்பி விட்டுப் பார்க்கையில் எலும்பு தட்டினாலோ, அந்தத் தொற்றை முதலில் தீர்க்கவேண்டும். புற்றுநோய் இருந்தவர்கள் மறைக்காமல் சொல்லவேண்டும். பர்ஜர் நோயாளி பீடி, சிகரெட் நிறுத்தவில்லையென்றால் எந்த ஊசியும் காலைக் காக்காது.

புண்மேலேயே ஒட்டும் வகை வேறு. கொரியாவின் ஆன்டெரோஜென் செய்த கொழுப்புத்திசு செல் தகடு, 2019-இல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வில், 12 வாரத்தில் 82 சதவீதம் பேருக்குப் புண்ணை முழுதாக மூடியது. செல் இல்லாத வெறும் பாலியூரித்தேன் படலம் ஒட்டியவர்களில் 53 சதவீதம். நம்பிக்கை தரும் கணக்குதான், ஆனால் கலந்துகொண்டவர்கள் 59 பேரே.

உள்ளூர் கிளினிக்கில் "உங்கள் கொழுப்பிலிருந்தே ஸ்டெம் செல்" என்றால், சிடிஆர்ஐ (இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவெண்ணைக் கேளுங்கள். அனுமதி பெற்ற ஆய்வு என்றால் சிகிச்சைக்கு உங்களிடம் கட்டணம் வாங்கக்கூடாது. ரத்தம் எடுத்துச் சுழற்றித் தரும் பிஆர்பி-யில் இருப்பது தட்டணுக்கள். அதை ஸ்டெம் செல் என்று பில் போட்டால் கையெழுத்துப் போடாமல் வெளியே வந்துவிடலாம்.