காட்பாடிக் காபியும் ஏ2ஏ ஏற்பியும்

காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஃபில்டர் காபிக் கடை. விடிகாலை நாலரைக்கே அடுப்பு எரியும். லேபில் வளர்க்கும் செல்களுக்கு மீடியம் (ஊட்டத் திரவம்) மாற்றும் நாட்களில் எனக்கு அங்கேதான் பொழுது விடிகிறது. "வாம்மா, ஸ்ட்ராங்கா?" என்று கேட்டுக்கொண்டே அண்ணா பித்தளை ஃபில்டரைத் திறப்பார். டிகாக்‌ஷன் கெட்டியாக, கருகல் வாடையில்லாமல் இறங்கும். பாலில் தண்ணீர் கிடையாது.

அந்தக் காபி மூளையில் போய் உட்காரும் இடம்தான் என் படிப்பு. விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற, தூக்கம் வரவழைக்கும் பொருள் சேரும். அது ஒட்டும் ஏற்பிகள் என்ற புரதங்கள் செல்சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்பவை; ஏ1, ஏ2ஏ, ஏ2பி, ஏ3 என நான்கு வகை. ஏ1 செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறைக் குறைக்கும், ஏ2ஏ கூட்டும். காஃபீன் வந்து அடினோசினின் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஏ2ஏ நீக்கப்பட்ட சுண்டெலிகளைக் காஃபீனால் விழிக்கவைக்க முடியவில்லை என்று 2005-இல் காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை அது.

என் தாத்தாவுக்கு நடுக்குவாதம். ஏ2ஏவைத் தடுக்கும் இஸ்ட்ராடெஃபிலின் மாத்திரை, நடுக்குவாதத்தின் முக்கிய மருந்தான லெவோடோபாவுக்குத் துணையாக 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த ஏற்பி மேல் எனக்குள்ள பிடிப்புக்கு அவர்தான் காரணம்.

கடையில் ஒரே குறை, சர்க்கரை தூக்கல். முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாலை ஆறுக்கு மேல் நான் போவதில்லை. குடித்த காஃபீனில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.