அகச்சிவப்புக் கொட்டகையில் பனி நீக்கம்: ஒரு மெக்கானிக்கின் மதிப்பீடு

விமான இறக்கையில் படிந்த பனியை, கிளைக்கால் (glycol) என்ற பனி நீக்கும் திரவத்தைத் தெளிக்காமல், வெறும் சூட்டாலேயே உருக்கும் கொட்டகைகள் எப்படி என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். அமெரிக்காவின் வடகிழக்கில் ஒரு விமான நிலையத்தில் மெக்கானிக்காக வேலை பார்த்தவன் நான். பனி நீக்கிய பிறகு இறக்கையைக் கையால் தடவிப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி விமானத்தை விடுவது என் பொறுப்பு. அதனால் எனக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும் அந்த வேலையை வைத்தே சொல்கிறேன்.

இந்த வகையில் அதிகம் பேசப்பட்டது 'இன்ஃப்ராடெக்' என்ற அமைப்பு. விஸ்கான்சின் மாநிலத்தின் ரைன்லேண்டர் என்ற சின்ன விமான நிலையத்திலும், நியூவார்க்கிலும் வைத்தார்கள். அப்புறம் 2006-இல் நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் வந்தது. இரண்டு பக்கமும் திறந்த பெரிய கொட்டகை அது. விமானம் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். கூரையில் இயற்கை எரிவாயுவில் எரியும் அகச்சிவப்பு ஹீட்டர்கள். எந்த ரக விமானம் வந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, எந்த ஹீட்டர் எவ்வளவு எரிய வேண்டும் என்று கணினி பார்த்துக்கொள்ளும்.

உள்ளே போனால் காற்று அப்படி ஒன்றும் சூடாக இருக்காது. மார்கழிக் காலையில் வெயிலில் நின்றால் காற்று குளிர்ந்தே இருந்தும் முதுகு சுடுமே, அதே கதைதான். கதிர் நேராகப் போய்ப் பனியில் விழுகிறது. பனிக்கட்டி அகச்சிவப்பை, முக்கியமாக 3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய கதிரை, நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். இறக்கையின் முன்விளிம்பில் பெயின்ட் இல்லாமல் பளபளவென்று இருக்கும் அலுமினியம் அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் சூடு பெரும்பாலும் பனிக்குத்தான் போகிறது.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் காற்றில்லாத, வானம் தெளிந்த ராத்திரிக்கு அடுத்த காலையில் பார்க்க வேண்டும். இரவெல்லாம் வெளியே நின்ற விமானத்தின் மேல் உறைபனி வெள்ளையாகப் பூத்திருக்கும். கொட்டகைக்குள் வந்த சில நிமிடங்களில் அந்த வெள்ளை மங்கி, சாம்பல் நிறமாகி, துளித்துளியாகக் கோர்த்து, இறக்கையின் பின்விளிம்பு வழியாக ஓடி விழும். கூடை வண்டியில் ஏறி ஆரஞ்சு நிறக் கிளைக்காலைச் சூடாகப் பீய்ச்சும் வேலையைச் செய்தவர்களுக்குத்தான் இந்த நிம்மதி புரியும். எதிர்காற்று அடித்தால் பீய்ச்சும்போது கிளம்பும் ஆவி முகத்தில்தான் வந்து படியும். தித்திப்பான நெடி சட்டையை விட்டுப் போகாது. தரை வழுக்கும். கொட்டகையில் இது எதுவும் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இந்தக் கொட்டகைகள் மேல் பெரிய மதிப்பு உண்டு.

இன்னொரு காரணம் தண்ணீர். பனிப்புயல் நாளில் ஒரு பெரிய விமானத்துக்கே ஆயிரக்கணக்கான லிட்டர் திரவம் செலவாகலாம். இப்போது பரவலாகப் பயன்படும் ப்ரொப்பிலீன் கிளைக்கால் மனிதருக்குப் பெரிய விஷம் இல்லை. ஆனால் அது நீர்நிலையில் கலந்தால் பாக்டீரியாக்கள் அதைத் தின்று தீர்க்கும்போது தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனையும் சேர்த்துக் காலி பண்ணிவிடும். கென்னடி விமான நிலையம் ஜமைக்கா விரிகுடாவின் கரையிலேயே இருக்கிறது. மீனும் பறவையும் நிறைந்த சதுப்பு நிலம் அது. அப்படிப்பட்ட இடத்தில் தெளிக்காமல் விட்ட ஒவ்வொரு லிட்டரும் லாபம்.

சரி, இனிக் குறைகள். பெரிய குறை, இந்தச் சூடு இருக்கும் பனியை மட்டும்தான் போக்கும். இனி விழப்போகும் பனியைத் தடுக்காது. கொட்டகையை விட்டு மூக்கை வெளியே நீட்டிய நொடியிலிருந்து இறக்கையில் மறுபடியும் பனி சேரத் தொடங்கும். 1992 மார்ச் 22 அன்று நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் யுஎஸ்ஏர் 405 விமானம் விழுந்து 27 பேர் இறந்தார்கள். அந்த விமானத்துக்கு இரண்டு முறை பனி நீக்கியிருந்தார்கள். இரண்டாம் முறை தெளித்த பிறகு ஏறக்குறைய 35 நிமிடம் கழித்துத்தான் அது மேலெழும்ப முயன்றது. அதற்குள் இறக்கையில் மறுபடியும் பனிக்கட்டி பிடித்துவிட்டது. பனி கொட்டும் நாளில் எவ்வளவு நல்ல ஹீட்டராலும் அந்த 35 நிமிடத்தைக் காப்பாற்ற முடியாது. புதுப் பனி பிடிக்காமல் தடுக்கும் பச்சை நிற டைப் ஃபோர் திரவத்தைக் கெட்டியாகப் பூசித்தான் அனுப்ப வேண்டும். அதுவும் குறிப்பிட்ட நேரம்தான் தாங்கும். ஆக வண்டியும் வேண்டும், ஆளும் வேண்டும், திரவமும் வேண்டும். ஹீட்டர் வந்ததும் திரவச் செலவே போய்விடும் என்று கணக்குப் போடுகிறவர்கள் ஒரு பனிப்புயல் ராத்திரி வந்து பார்க்கட்டும்.

அடுத்தது, உருகிய தண்ணீர். என்னைப் போன்ற மெக்கானிக்குகளுக்கு அதிகக் கவலை தருவது இதுதான். கிளைக்கால் தண்ணீரோடு கலந்து அதன் உறைநிலையைக் கீழே இறக்கிவிடும். இங்கே ஓடுவது வெறும் தண்ணீர். ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் மடிப்பு) கீல்களுக்குள்ளும், எலிவேட்டர் (வாலில் மேலும் கீழும் அசையும் பலகை) இடுக்குகளுக்குள்ளும் புகுந்து தேங்கி, வெளியே மைனஸ் 10 டிகிரியில் போய் மறுபடி உறைந்தால் கட்டுப்பாட்டுத் தளங்களே இறுகிப்போகலாம். ஒரு முறை கீலுக்குள் கண்ணாடி மாதிரி உறைந்திருந்ததை டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, விமானத்தைப் போக விடாமல் சூடான டைப் ஒன், அதாவது அந்த ஆரஞ்சு நிறக் கிளைக்கால், அடிக்கச் சொன்னேன். விமானி கோபப்படவில்லை. இறங்கி வந்து தானும் பார்த்துவிட்டு, தலையாட்டிப் போனார்.

கதிர் நேர்கோட்டில்தான் போகும் என்பதால், இறக்கையின் அடிப்பக்கம், சக்கரங்கள் மடங்கும் பள்ளம் போன்ற நிழல் விழும் இடங்களில் பனி அப்படியே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத தெளிந்த பனிக்கட்டியும் ஒரு தொல்லை. 1991 டிசம்பர் 27-இல் ஸ்டாக்ஹோமிலிருந்து கிளம்பிய எஸ்ஏஎஸ் 751 விமானத்தின் இறக்கையிலிருந்து பெயர்ந்த தெளிபனி, பின்னால் இருந்த இரண்டு எஞ்சினையும் கெடுத்தது. விமானம் வயலில் இறங்கி மூன்று துண்டானது. உள்ளே இருந்த 129 பேரும் பிழைத்தது பெரிய விஷயம். அதற்கும் பனி நீக்கித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆகவே எந்த முறையில் உருக்கினாலும் இறக்கை உடலோடு சேரும் இடம் வரை கை வைத்துப் பார்க்காமல் நான் விட மாட்டேன்.

இடமும் ஒரு பிரச்சினை. தெளிக்கும் வண்டி விமானத்தைத் தேடிப் போகும். கொட்டகைக்கு விமானம்தான் வரிசையில் வர வேண்டும், அதுவும் ஒன்று ஒன்றாக. காலை ஆறு மணிக்கு முப்பது விமானங்கள் ஒன்றாகக் கிளம்பும் இடத்தில் ஒரே கொட்டகை போதாது.

அதனால் என் பரிந்துரை இப்படி. காலையில் நாலைந்து விமானங்கள் மட்டும் கிளம்பும், உறைபனிதான் முக்கியத் தொல்லையாக இருக்கும் சிறிய நிலையங்களுக்கு இது அருமையான வசதி. குறைந்த எண்ணிக்கையில் விமானங்களைத் தயாராக வைத்திருக்கும் ராணுவத் தளங்களுக்கும் பொருந்தும். ஆனால் மேற்பூச்சும், கலப்புப்பொருள் (composite) பாகங்களும் எவ்வளவு சூடு தாங்கும் என்று தயாரிப்பாளர் சொன்ன எல்லையை மீறக் கூடாது. பெரிய நிலையங்கள் இதை வாங்கினால், கொட்டகையின் வெளிவாசலிலேயே டைப் ஃபோர் தெளிக்கும் வண்டியையும், கீல்களில் தேங்கிய தண்ணீரைப் பார்த்துத் துடைக்க ஓர் ஆளையும் நிரந்தரமாக நிறுத்த வேண்டும்.