புக்கெட்டில் கடல் உணவு: விலைப் பலகையை விட்டுவிட்டுத் தராசின் மேல் இருக்கும் கூடையைப் பாருங்கள்

தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போகும் நம்மூர்க்காரர்களில் பெரும்பாலானோர் தங்குவது படோங் கடற்கரைப் பக்கம்தான். மாலை ஏழு மணிக்கு மேல் பங்லா சாலையைச் சுற்றி நடந்தால், பனிக்கட்டி மேல் சிங்கி இறாலும் நண்டும் மீனும் அடுக்கி வைத்த கடைகளைத் தாண்டாமல் போக முடியாது. வாசலில் நிற்கும் பையன் முகத்தைப் பார்த்தே ஊரைக் கணித்து "வணக்கம்ண்ணா" என்பான். பலகையில் சிங்கி இறால் 250 பாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி இன்னொரு வரி: 100 கிராமுக்கு. பலர் அந்த இரண்டாவது வரியைப் படிப்பது பில் வந்த பிறகுதான்.

100 கிராமுக்கு விலை சொல்வது மட்டுமே ஏமாற்று ஆகாது. தாய்லாந்தில் 100 கிராமுக்கு 'கீட்' என்று தனிப் பெயரே உண்டு. உள்ளூர்க்காரர்களும் சந்தையில் கீட் கணக்கில் வாங்குவார்கள். சிக்கல், கிலோ விலைக்குப் பழகிய நம் கண்ணுக்கு அந்த 250 ஒரு இறாலின் விலையாகத் தெரிவதில் தொடங்குகிறது. அதைத் திருத்த வேண்டிய கடைக்காரர் வாயைத் திறக்க மாட்டார்.

நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் பில் எப்படி ஏறுகிறது என்று வரிவரியாகப் பார்க்கலாம். விலைகள் கடைக்குக் கடை மாறும், கணக்கு ஏறும் விதம் மாறாது. சிங்கி இறால் 1.4 கிலோ, 100 கிராமுக்கு 250 பாட் வீதம் 3,500. புலி இறால் எட்டு, 900 கிராம், 130 வீதம் 1,170. சங்கரா மீன் ஒன்று, 1.2 கிலோ, 70 வீதம் 840. இதுவரை 5,510. பூண்டு வெண்ணெய், மிளகு, எலுமிச்சை என்று கேட்டுக் கேட்டு எழுதிய மூன்று மசாலாவுக்கு 450. கேட்காமலே மேசைக்கு வந்த வேர்க்கடலை, ஈரத்துண்டு, தண்ணீர், கூடவே இரண்டு தட்டு வறுத்த சோறு எல்லாம் சேர்த்து 560. ஆக 6,520. இதன் மேல் சேவைக் கட்டணம் 10%, அந்தத் தொகை மேல் 7% வரி. 7,674 ஆகிவிட்டது. கார்டு நீட்டினால் இன்னொரு 3%. கடைசியில் 7,904 பாட். ஒரு பாட் இரண்டரை ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் ஏறக்குறைய இருபதாயிரம் ரூபாய்.

இதில் உண்மையான திருட்டு எங்கே என்றால், தராசின் மேல் இருந்த பிளாஸ்டிக் கூடையில். தண்ணீர் சொட்டச் சொட்ட வைக்கும்போது கூடையும் நீரும் சேர்ந்து 300 கிராம் ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை எடை, மூன்று முறையும் அதே கூடை. சிங்கி இறாலில் 750, புலி இறாலில் 390, மீனில் 210. மொத்தம் 1,350 பாட். அதன் மேல் சேவைக் கட்டணம், வரி, கார்டுக் கட்டணம் எல்லாம் ஏற, 1,637 பாட் கூடைக்கே கொடுத்தாகிவிட்டது. கூடையை வீட்டுக்கும் எடுத்துப்போக முடியாது.

இதைத் தடுக்கச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வெறும் கூடையை முதலில் தராசில் வைக்கச் சொல்லுங்கள். எண் பூஜ்யமாக வேண்டும். அப்புறம் கூடையைச் சாய்த்து நீரை வடித்துவிட்டு எடை. தராசின் திரையும் இறாலும் ஒரே சட்டகத்தில் விழும்படி போனில் ஒரு படம். நேர்மையான கடைக்காரர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் அடுத்த கடைக்கு நடந்துவிடலாம். பத்தடி தள்ளி அதே சரக்குதான் இருக்கிறது. நண்டு வாங்கினால் கட்டியிருக்கும் கயிற்றையும் பாருங்கள். தடித்த ஈரக் கயிறும் நண்டு விலைக்குத்தான் எடை போடப்படுகிறது.

எடை போட்ட பிறகும் ஒரு வித்தை உண்டு. காட்டியது உயிரோடு இருந்த சிங்கி இறால், தட்டில் வந்தது உறைபெட்டியில் கிடந்தது. உயிரோடு இருக்கும் இறாலைத் தூக்கினால் வாலை வயிற்றுப் பக்கம் சட்டென்று சுருட்டும். அப்படியே வேகவைத்தால் வெந்த பிறகும் வால் இறுகிச் சுருண்டே நிற்கும். முன்பே செத்ததென்றால் வால் தொளதொளவென்று நீண்டு கிடக்கும், சதையும் மாவு மாதிரி உதிரும். ஆனால் இரண்டாகப் பிளந்து நெருப்பில் வாட்டிச் சீஸ் போட்டுக் கொண்டுவந்தால் எதுவும் தெரியாது. சந்தேகம் இருந்தால் முழுதாக ஆவியில் வேகவைக்கச் சொல்வது நல்லது. புலி இறாலை எண்ணி வையுங்கள். எட்டு கொடுத்தால், பிளந்து பரப்பினாலும் பதினாறு பாதி வர வேண்டும். பன்னிரண்டு வந்தால் இரண்டு இறால் அடுக்களையிலேயே நின்றுவிட்டது. கணவாயை வளையமாக நறுக்கினால் எண்ணவே முடியாது, முழுதாக வாட்டித் தரச் சொல்லுங்கள்.

மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் தீவின் மேற்குக் கரை கொந்தளிக்கும். கடற்கரையில் சிவப்புக் கொடி பறக்கும் நாளில் "இன்று காலை பிடித்தது" என்று சொன்னால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்கலாம். கொடுவா மீன் மட்டும் விதிவிலக்கு. அது பண்ணையில் வளர்ப்பது, எப்போதும் கிடைக்கும், விலையும் அடக்கம்.

அந்த 7% வரி விஷயம் பலருக்குத் தெரியாது. தாய்லாந்தில் ஆண்டு விற்பனை 18 லட்சம் பாட்டைத் தாண்டிய கடைதான் வரிக்குப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத கடை வரி வசூலிக்கக் கூடாது. பதிவு செய்த கடையின் ரசீதில் 13 இலக்க வரி எண் அச்சாகியிருக்கும். காகிதத்தில் பேனாவால் கிறுக்கிய பில்லில் 7% என்று ஒரு வரி இருந்தால், அந்த எண் எங்கே என்று மெதுவாகக் கேளுங்கள். அந்த 7% தானாகவே நீங்கிவிட வாய்ப்பு அதிகம். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் ++ என்று இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். 1,000 பாட் சாப்பாடு 1,177 ஆகும்.

டுக்-டுக் ஓட்டுநரிடம் "நல்ல கடல் உணவுக் கடைக்குப் போங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தனக்குக் கமிஷன் தரும் கடைக்குத்தான் வண்டி போகும், கமிஷன் உங்கள் பில்லில் வரும். சவாரியே இலவசம் என்றால் பில் இன்னும் கனமாக இருக்கும்.

அப்படியானால் எங்கே சாப்பிடுவது? கடல் உணவுதான் வேண்டும் என்றால் வாங்குவதையும் சமைப்பதையும் பிரித்துவிடுங்கள். படோங்கிலேயே ஜங்சிலோன் வணிக வளாகத்துக்குப் பின்னால் பன்சான் சந்தை இருக்கிறது. கீழ்த்தளத்தில் வாங்கி மாடியில் சமைத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் என்றால் இதுவே போதும். நான்கைந்து பேர் என்றால் தீவின் தெற்கு முனையில் இருக்கும் ராவாய்க்குப் போவது மேல். அங்கே கடற்கரையை ஒட்டிய சந்தில் கடலோடிச் சமூகத்தினர் மீன் விற்பார்கள். எதிர்ப்பக்க உணவகங்கள் எடைக்கணக்கில் கூலி வாங்கிச் சமைத்துத் தரும். கிலோவுக்கு 100 முதல் 150 பாட் வரை கேட்பது வழக்கம்.

அங்கேயும் கண் மூடக் கூடாது. வாங்கும்போது "கிலோ லா தாவ் ராய்" என்று கிலோ விலையைக் கேளுங்கள், சொன்ன எண்ணைப் போனில் தட்டிக் காட்டுங்கள். பேரம் பேசலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பையை நீங்களே எடுத்துச் செல்லுங்கள். கடைப் பையன் ஓடிவந்து "நான் கொண்டுபோகிறேன்" என்று பிடுங்கினால், அவன் சொல்லும் உணவகம்தான் என்றாகிவிடும். உணவகத்தில் மறுபடி எடை போடும்போது சந்தையில் கண்ட எடைதான் வர வேண்டும். சமையல் கூலியில் மசாலா அடக்கமா, புளிக்கறி போன்ற குழம்பு வகைக்குத் தனி விலையா, சோறு தலைக்கு எவ்வளவு என்ற மூன்றையும் உட்காரும் முன் கேட்டுவிடுங்கள். "தாங் மொட் தாவ் ராய்" என்றால் மொத்தம் எவ்வளவு.

கடல் உணவைத் தாண்டினால் புக்கெட் நகரம்தான் சாப்பாட்டு ஊர். யுனெஸ்கோ 2015-இல் உணவுக்கலை நகரமாகச் சேர்த்தது இதைத்தான். ஹொக்கியன் மீ என்ற நூடுல்ஸ், சிப்பியும் சேப்பங்கிழங்கும் போட்டுக் கல்லில் புரட்டும் ஓ-தாவ், வெற்றிலை இனத்து இலை போட்ட நண்டுக் குழம்பும் சேமியாவும், வெயிலுக்கு ஓ-ஏவ் என்ற பனி இனிப்பு. முஸ்லிம் கடைகளில் காலையில் குழம்போடு தரும் ரொட்டி, வீசி அடித்துச் சுடுவதில் நம்ம பரோட்டாவின் உறவுக்காரன். மூ ஹோங் என்றால் பன்றி, தெரிந்துகொண்டு கேளுங்கள். ஞாயிறு மாலை தலாங் சாலை முழுக்கத் தெருச்சந்தை, பெரும்பாலான தட்டுகளுக்கு முன்னால் விலை அட்டை இருக்கும். ஒரு எச்சரிக்கை: படோங்கிலிருந்து நகரத்துக்கு ஓடும் நீல நிற சாங்தேவ் என்ற பகிர்வு வண்டி மலிவு, ஆனால் மாலையோடு நின்றுவிடும். 70 பாட் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு டுக்-டுக்குக்கு அதைப் போல ஏழு மடங்கு கொடுத்துத் திரும்புகிறவர்கள் நிறைய. கிராப் அல்லது போல்ட் செயலியில் வண்டி கிடைக்கும் நேரத்துக்குள் கிளம்பிவிடுங்கள்.

சைவக்காரர்கள் ஏமாறுவது வேறு விதம். அங்கே பணத்தைவிட நம்பிக்கைதான் போகிறது. "காய்கறி மட்டும்" என்று சொன்னால் தட்டில் காய்கறி மட்டும்தான் தெரியும். வாணலியில் மீன் சாறும் சிப்பிச் சாறும் போயிருக்கும். சமைப்பவருக்கு அது உப்பு மாதிரி, அசைவக் கணக்கிலேயே வராது. பப்பாளிச் சாலட்டில் உலர்ந்த இறால், குழம்பு விழுதில் இறால் விழுது, சூப்பில் எலும்புச் சாறு. "மங்சவிரட்" என்றால் இறைச்சி வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள், முட்டை வரலாம். கறாராக வேண்டும் என்றால் "ஜே" என்று சொல்லுங்கள். முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் இருக்காது. ஜே கடைகளில் மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. பார்வைக்கு 17 என்று எழுதியது போல இருக்கும், தூரத்திலேயே கண்டுபிடிக்கலாம். அங்கே தட்டில் இறாலும் மீனும் மாதிரி ஏதாவது தெரிந்தால் பதற வேண்டாம், சோயாவிலும் கிழங்கு மாவிலும் செய்தவை. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், அதாவது செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபரில், ஒன்பது நாள் சைவத் திருவிழாவின்போது ஊர் முழுக்க மஞ்சள் கொடிதான். சாதாரணக் கடையில் வேறு வழியில்லை என்றால் "மாய் சாய் நாம் ப்ளா", மீன் சாறு போடாதீர்கள்.

இதற்குப் பயந்து இந்திய உணவகத்துக்குள் நுழைகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரொட்டி ஒன்று ஒன்றாகவும் சோறு தனியாகவும் விலை போடப்படும். பருப்புக் கிண்ணம் சிறிது. ஊரிலேயே பேக்கேஜ் வாங்கும்போது "இந்தியன் டின்னர்" என்று எழுதியிருந்தால், ஏஜென்டிடம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள்: எந்த உணவகம், ஹோட்டலிலிருந்து எவ்வளவு தூரம், போய்வர வண்டி உண்டா, பஃபேயா குறிப்பிட்ட தட்டா, இரண்டாம் முறை பரிமாறுவார்களா, தண்ணீர் அடக்கமா. பதிலில் உணவகத்தின் பெயர் இல்லை என்றால், எட்டு மணிக்குக் கூப்பனோடு போய் வரிசையில் நிற்கத் தயாராக இருங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டால் குரலை உயர்த்தாதீர்கள். அங்கே கத்துகிறவர் பக்கம் நியாயம் இருந்தாலும் எடுபடாது. மொத்தமாகப் பணம் தர மாட்டேன் என்று எழுந்து நடப்பதும் தப்பு, வழக்கு உங்கள் மேல் திரும்பும். வரிவரியாகப் பிரித்த பில் கேளுங்கள், தராசுப் படத்தையும் மெனுப் படத்தையும் பக்கத்தில் வையுங்கள், ஒத்துப்போகாத வரியை மட்டும் விரலால் காட்டுங்கள். மசியாவிட்டால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155-ஐக் கடைக்காரர் பார்க்க அழுத்துங்கள். விலை சம்பந்தமான புகாருக்கு உள்நாட்டு வணிகத் துறையின் எண் 1569. விலையை எழுதி வைக்காத கடைக்கு 10,000 பாட் வரை அபராதம், அநியாய விலைக்கு ஏழு ஆண்டு சிறை அல்லது 1,40,000 பாட் அபராதம் அல்லது இரண்டும் வரை போகலாம் என்பது 1999-ஆம் ஆண்டு விலைச் சட்டம். கடைக்காரருக்கு இது நன்றாகவே தெரியும்.

பணம் கட்டும்போது கார்டு இயந்திரம் ரூபாயிலா பாட்டிலா என்று கேட்டால் பாட்டை அழுத்துங்கள்.